எல்டர் சென்னியப்பன் டீ குடிப்பதில்லை

வேண்டாமுங்கண்ணா, நீங்க குடிங்க. நான் டீ குடிக்கறதில்லீங்க. பக்கத்து சீட்டுல வந்தவன்னு எனக்கும் சேத்துச் சொல்றீங்க, அதுவே பெரிய மனசு. காப்பியும் குடிக்கறதில்லீங்க. வயிறெல்லாம் நல்லாத்தான் இருக்குது. தண்ணி பாட்டல் ஒண்ணு வாங்கிட்டேன், அது போதும். சங்ககிரியில இருவது நிமிசம் நிக்கும்னு கண்டக்டர் சொன்னாப்புல, நீங்க நிதானமாக் குடிங்க.

சட்டையில இருக்கறதப் பாக்கறீங்களா? கம்பெனி பேட்ஜ் இல்லீங்க. எல்லாரும் அப்படித்தான் நெனைக்கறாங்க. காலையில பெங்களூர் ஏர்போர்ட்டுல ஒரு அம்மா வந்து, தள்ளுவண்டி எங்க இருக்குது தம்பின்னு கேட்டாங்க. நானும் போய் எடுத்துட்டு வந்து குடுத்தனுங்க. ரெண்டு வருசப் பழக்கம், ஆரு என்ன கேட்டாலும் செஞ்சு குடுத்தர்றது.

'எல்டர் சென்னியப்பன்'னு எழுதியிருக்குதுங்க. சென்னியப்பன் நானில்ல, எங்கப்பா. எம்பேரு யுவராஜ். பாஸ்போர்ட்டுல அப்பா பேரு பின்னால வருமில்லீங்களா, அங்க பின்னால இருக்கற பேரச் சொல்லித்தான் கூப்படறாங்க. எல்டர்னா மூப்பர். இருவது வயசுல மூப்பருங்க நானு! மீசை அப்பத்தான் ஒழுங்கா வருது, அதையும் தெனமும் செரைக்கோணும்னு சட்டம்.

மார்மன் சபைன்னு கேள்விப்பட்டிருக்கீங்களா? வெள்ளச் சட்டை, டை, ரெண்டு ரெண்டு பேராப் போவாங்க. பாலிடெக்னிக் படிக்கறப்ப கோயமுத்தூர்ல அவங்க இங்கிலீசு இலவசமாச் சொல்லிக் குடுத்தாங்க. நான் இங்கிலீசுக்குத்தான் போனனுங்க. வாலிபால் வெளையாடக் கூப்பட்டாங்க, போனேன். ஞாயித்துக்கெழம வாங்கன்னாங்க, போனேன். அப்படியே மனசு ஒட்டிக்கிச்சு. பொய் சொல்லலீங்க, நெசமாவே நம்பித்தான் சேந்தேன். டீ, காப்பி, சாராயம், சிகரெட்டு எதுவும் தொடக் கூடாதுன்னு சொன்னாங்க. சாராயமும் சிகரெட்டும் எங்கிட்ட ஏற்கனவே இல்ல. காப்பி எனக்குப் புடிக்காது. மிச்சம் டீ ஒண்ணுதான்.

அங்கதான் வெனையே. எங்கப்பா பெருந்துறை பஸ் ஸ்டாண்டுகிட்ட டீக்கடை வெச்சிருக்காருங்க. இருவத்தாறு வருசமா.

நான் மதம் மாறுனதுக்கு அவரு கோவிச்சுக்கவே இல்லீங்க. எந்தச் சாமியக் கும்பிட்டாலும் உருப்படியா இருந்தாச் சரின்னாரு. அம்மாதான் ரெண்டு நாள் அழுதாங்க, அப்பறம் அவங்களும் சரியாயிட்டாங்க. நான் பண்ணுனது என்னன்னா, அடுத்த வாரம் லீவுல ஊருக்கு வந்தேன். பஸ்ஸ விட்டு எறங்குனா எப்பவும் அப்பா ஒரு கிளாஸ நீட்டுவாரு. ஒண்ணும் பேச மாட்டாரு, பையக் கீழ வெக்கறதுக்கு முன்னால கிளாஸு கையில இருக்கும். அன்னிக்கும் நீட்டுனாரு. நான் ரெண்டு கையையும் பின்னாலக் கட்டிக்கிட்டு, "எங்க சபையில டீ குடிக்கக் கூடாதுங்கப்பா"ன்னேன். அதோட வாய மூடியிருக்கலாம். கடையில ஒரு பத்துப் பதினொரு பேரு ஒக்காந்திருந்தாங்க. டீ ஏன் உடம்புக்கும் ஆத்துமாவுக்கும் ஆகாதுன்னு அவங்களுக்கும் கேக்கற மாதிரி நின்னுட்டே வெளக்கஞ் சொன்னேன். புதுசா ஞானஸ்நானம் எடுத்தவன் பாருங்க, ஊரையே அன்னிக்கே காப்பாத்திப் போடலாம்னு எண்ணம்.

ஒருத்தரு குடிச்சிட்டிருந்த டீயப் பாதியில வெச்சுட்டுச் சிரிச்சாரு. அப்பா என்னையப் பாக்கல. நீட்டுன கிளாஸ வெளிய ஊத்தி, கழுவிக் கவுத்து வெச்சாரு. அன்னியோட எங்கிட்டப் பேச்ச நிறுத்திட்டாருங்க. வீட்டுல ஒரே பாயில ஒக்காந்து சாப்படுவோம், கொழம்பு வேணுமான்னு அம்மாகிட்டத்தான் கேப்பாரு. அதுக்கப்பறம் ஒரு வருசம் கழிச்சு ரெண்டு வருச ஊழியத்துக்கு இங்கிலாந்து போகச் சொல்லிக் கடுதாசி வந்துச்சு. ஏர்போர்ட்டுக்கு அவரு வரல. கடைய ஆரு பாக்கறதுன்னு கேட்டாராம்.

எனக்கு அதெல்லாம் ஒரு வருத்தமே இல்லீங்க. சும்மா வெவரத்துக்குச் சொல்றேன்.

இங்கிலாந்துல முதல்ல பிளாக்பர்ன்னு ஒரு ஊரு. குஜராத்திக்காரங்க, பாகிஸ்தான்காரங்க நெறைய. கருவேப்பிலை கெடைக்கும், கொத்தமல்லி கெடைக்கும், ஒரு கடையில முருங்கக்காயே பாத்தேன். ஆரு வீட்டுக் கதவத் தட்டுனாலும், மதத்தப் பத்திப் பேசறதில்லீன்னாலும், நீ எந்த ஊருன்னு கேட்டு உக்கார வெச்சுச் சோறு போடுவாங்க. அத நான் என் ஊழியத்தோட வெற்றின்னு நெனச்சுட்டிருந்தேன். வாராவாரம் எங்க ஊழியத் தலைவருக்கு எழுதற கடுதாசியில, 'ஜனங்கள் என்னை அன்போடு ஏற்றுக்கொள்கிறார்கள்'னு எழுதுவேன். பிரியாணிய ஏத்துக்கிட்டது நான்தான்.

எங்களுக்கு ஆறு வாரத்துக்கு ஒருக்கா சனிக்கெழம அந்தத் தலைவர்கிட்ட இருந்து போன் வருமுங்க. இருக்கச் சொன்னா அதே ஊருல இருக்கோணும், போகச் சொன்னா ரெண்டு பெட்டியக் கட்டோணும். அஞ்சு மாசங் கழிச்சு எனக்குப் போகச் சொல்லி வந்துச்சு. ஒர்க்கிங்டன். மேப்புல தேடுனா வடமேற்குக் கடலோரமா, இங்கிலாந்து முடியற எடத்துல இருக்குது. அந்த ஊருல பல வருசமா ஒருத்தரும் புதுசாச் சபையில சேரலைன்னு சொன்னாங்க. அதனாலதான் என்னைய அனுப்பறாங்கன்னு நான் நம்புனேன். ரயில்ல போறப்பவே, அங்க நான் சாதிக்கப் போறதப் பத்தி சபையில எந்திரிச்சுச் சொல்றதுக்கு மனசுக்குள்ள ஒரு சாட்சி தயார் பண்ணி, ரெண்டு எடத்துல குரல் கம்மறதுக்கும் பழகி வெச்சுக்கிட்டேன்.

எறங்குன அன்னிக்கே காத்து என் கொடைய ஒடச்சுப் போட்டுச்சு. அந்த ஊரு மழை மேலிருந்து வர்றதில்லீங்க, பக்கத்துல இருந்து வரும். எங்கூட ஊழியத்துக்கு இருந்தவன் எல்டர் ஹிக்சன், அமெரிக்காவுல ஐடஹோன்னு ஒரு மாகாணம், அங்க உருளக்கெழங்கு வெவசாயம். ஆறடி மூணு அங்குலம். நாங்க ரெண்டு பேரும் ஒருத்தர் கண்ணுக்கு ஒருத்தர் தெரியற தூரத்துலயே எப்பவும் இருக்கோணும், அது சட்டம். நான் முடி வெட்டப் போனா அவனும் வந்து பக்கத்துல நிப்பான். கக்கூஸ் ஒண்ணுதான் சுதந்திரம்.

கதவத் தட்டுவோமுங்க. ஹிக்சன் ஓரமா நிப்பான், முறைப்படி அன்னிக்கு நான் பேசற நாளா இருக்கும். கதவு தொறக்கும். என் மூஞ்சியப் பாப்பாங்க, என் கையில இருக்கற பையப் பாப்பாங்க. "நாங்க ஒண்ணும் ஆர்டர் பண்ணலியே"ம்பாங்க. ஒரு வீடு ரெண்டு வீடு இல்லீங்க. அந்த ஊருல என்னையாட்ட நெறத்துல இருக்கறவங்க எல்லாம் சாப்பாட்டுக் கடைக்காரங்கதான். ஒரு மனுசன் நான் சொன்னதப் பூராவும் பொறுமையாக் கேட்டுட்டு, சரி, கோழிக்கறி எப்ப வரும்னு கேட்டாரு. மூணு வாரத்துல ஒருத்தரும் உள்ள விடல. நைட்டு படுத்தா, காலு ரெண்டும் இருக்குதான்னு தொட்டுப் பாத்துக்குவேன், அத்தன குளிரு.

நாலாவது வாரம் ஒரு பெரியவரு உள்ள விட்டாருங்க. நார்மன் டைசன்னு பேரு, எம்பது வயசு. அந்த ஊருல முன்ன ரயில் தண்டவாளம் செய்யற ஆலை இருந்துச்சாம், நாப்பது வருசம் அதுல வேல பாத்தவரு. சம்சாரம் செத்து ரெண்டு வருசம். நான் இந்தியான்னதும், நாங்க செஞ்ச தண்டவாளம் உங்க ஊருல கெடக்கும்டா தம்பின்னாரு. உள்ள வந்ததும் அவரு கேட்ட முதல் கேள்வி, டீ போடட்டுமா?

நாங்க டீ குடிக்க மாட்டோம்னேன். பெரியவரு எங்க ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாத்தாரு. அப்பறம் உங்ககூட என்னத்தப் பேசறதுன்னாரு.

அப்ப ஹிக்சன், எங்களுக்குச் சொல்லிக் குடுத்த மாதிரியே, உங்களுக்கு நாங்க ஏதாச்சும் உதவி செய்யலாமான்னு கேட்டான். அவரு கையத் தூக்கிக் காட்டுனாரு. ரெண்டு கையும் நடுங்குது. கொதிக்கற தண்ணியத் தூக்க முடியல, நீங்க குடிக்காட்டிப் போச்சாது, எனக்கு ஒண்ணு போட்டுக் குடுங்கன்னாரு.

ஹிக்சன் எந்திரிச்சுப் போனான். அவன் தாத்தனோட தாத்தன் காலத்துல இருந்து மார்மனுங்க, அவங்க வீட்டுல டீத்தூள் நொழஞ்சதே இல்ல. ஒரு கப்புல பச்சப்பால ஊத்துனான், டீ பையத் தூக்கி உள்ள போட்டான், மைக்ரோவேவ்ல வெச்சுக் கதவச் சாத்துனான். வெளிய எடுத்தப்ப மேல ஏடு, கீழ வெள்ளப் பாலு, நடுவுல அந்தப் பை மெதக்குது. பெரியவரு அதப் பாத்துட்டுக் கப்ப மெதுவா அந்தப் பக்கமாத் தள்ளி வெச்சாரு.

எனக்குப் பொறுக்கலீங்க. தள்ளுங்கன்னு அவன நவுத்திட்டு அடுப்புக்கிட்ட நின்னேன். நான் டீக்கடைக்காரர் மகன்னு சொன்னேன். அந்த ஊருல வந்து முதல் தடவையா ஒரு வார்த்தைய நெஞ்ச நிமித்திச் சொன்னேன். ஆனா வெசயம் என்னன்னா, எனக்கு டீ போடத் தெரியாது. பாய்லர்கிட்ட அப்பா என்னைய விட்டதே இல்ல, நீ போய்ப் படிம்பாரு. பத்தொம்பது வருசம் குடிச்சது மட்டுந்தான். பாலும் தண்ணியும் பையுமாப் போட்டு ஒரு கொதி கொதிக்க வெச்சு நீட்டுனேன். பெரியவரு ஒரு வாய் குடிச்சாரு. மோசமா இருக்குது, ஆனா அடுத்த வாரம் வான்னாரு.

அப்படியே வாராவாரம் போனோம். நான் டீ போடுவேன், அவரு குடிச்சுட்டு கசக்குது, சப்புன்னு இருக்குதும்பாரு, நான் ருசி பாக்க முடியாது, அவரு மூஞ்சியப் பாத்து அடுத்த வாரம் மாத்துவேன். குடிச்சு முடிக்கற வரைக்கும் நாங்க ஆண்டவரப் பத்திப் பேசலாம். கடுதாசியில எழுதுனேன், 'நார்மன் மிகுந்த ஆர்வத்தோடு இருக்கிறார்'னு. ஆர்வம் எதுலன்னு எழுதலீங்க. டீ குடிக்கக் கூடாதுங்கற பாடம் ஒண்ணு இருக்குது, அத மட்டும் அப்பறம் பாத்துக்கலாம்னு ஒவ்வொரு வாரமும் ஹிக்சன்கிட்டச் சொல்லீட்டு வந்தேன். அவன் நல்லவன், பெருமூச்சு மட்டும் விடுவான். அப்பப்ப பெரியவரு எங்கப்பாவப் பத்திக் கேப்பாரு. நானும் சொல்லுவேன். கொஞ்சமாத்தான் சொன்னேன்னு நெனைக்கறேன். ஹிக்சன் ஒருநாள், நம்ம சபையப் பத்திப் பேசறதவிட உங்கப்பாவப் பத்தித்தான் அதிகம் பேசறீங்கன்னான். அவனுக்குப் பொறாமைன்னு விட்டுட்டேன்.

திங்கக்கெழம எங்களுக்குத் துணி தொவைக்க, வீட்டுக்குப் போன் பேசன்னு ஒதுக்குன நாளு. நான் வீடியோவுல கூப்படுவேன், அம்மா கடையில இருந்து எடுப்பாங்க. அம்மா தோளுக்குப் பின்னால பாய்லரு தெரியும், அப்பாவோட முதுகு தெரியும். ரெண்டரை வருசமா நான் பாத்தது அந்த முதுகத்தான். ஒரு திங்கக்கெழம மழை புடிச்சுக்கிச்சு, பெரியவரு வீட்டுல இருந்தே கூப்ட்டேன். அப்பத்தான் ஒரு டீ போட்டுக் குடுத்திருந்தேன். அம்மா, சாப்ட்டியா சாமின்னாங்க. நான் பேசிட்டிருக்கறப்பவே பெரியவரு எம்பின்னால வந்து நின்னு, கப்ப போனுக்கு நேரா நீட்டி, எஞ்சட்டையில இருக்கற பேரப் படிச்சு, கடைக்கே கேக்கற மாதிரி, "சென்னியப்பன்! மிஸ்டர் சென்னியப்பன்!"னு கத்துனாரு.

முதுகு திரும்புச்சுங்கண்ணா.

"ஆரது என்னையக் கூப்படறது?"ன்னாரு. அம்மா போனக் கொண்டு போய் அவரு மூஞ்சிக்கு நேராக் காட்டிட்டாங்க. அப்பா பெரியவரப் பாக்கல, என்னையும் பாக்கல. கப்பப் பாத்தாரு. பாத்துட்டு, "என்றா பண்ணி வெச்சிருக்கற?"ன்னாரு.

ரெண்டரை வருசத்துல எங்கிட்டப் பேசுன முதல் பேச்சுங்க அது. ரயில்ல பழகி வெச்ச குரல் கம்மல் எல்லாம் ஒண்ணுமே இல்ல, நெசமா வந்தா வேற மாதிரி இருக்குது.

"பாலத் தனியாக் காச்சு. மூணு பொங்கு பொங்கட்டும். அந்தப் பையக் கிழி, தூள வெளிய எடு. சாறு எறங்க விடு, அவசரப்படாத. சக்கரைய அடியில போடு. ம், இப்ப ஆத்து. ஒசரத்துல இருந்து ஆத்துடா, ஏன் பயப்படற?" அவரு சொல்லச் சொல்ல நான் பண்ணுனேன். அந்த வீட்டுத் தரையெல்லாம் டீ. ஹிக்சன் மண்டி போட்டுத் தொடைக்கறான். கடையில டீ குடிக்க வந்தவங்க எல்லாம் அப்பாவச் சுத்தி நின்னு போன எட்டிப் பாக்கறாங்க. முழுசாப் பதினொரு நிமிசங்க. கடைசியா அப்பா போனப் பக்கத்துல இழுத்து, முதல் தடவையா எம்மூஞ்சியப் பாத்தாரு. "இப்பச் சொல்லு. பால் வாசம் முன்ன வருதா, தூள் வாசம் முன்ன வருதா?"ன்னாரு.

நான் கப்பத் தள்ளி வெச்சுட்டு, "எங்க சபையில டீ குடிக்கக் கூடாதுங்கப்பா"ன்னேன்.

அதே வார்த்தை. போன் கட்டாயிருச்சு.

பெரியவரு டீயக் குடிச்சாரு. சம்சாரம் போனதுக்கப்பறம் இப்பத்தான் நல்ல டீ குடிக்கறேன்னாரு. உங்கப்பா எங்கிட்டப் பேசலடா தம்பி, உங்கிட்டத்தான் பேசிட்டிருந்தாருன்னாரு. தெரியுமுங்கன்னு சொன்னேன். அதுக்கு அடுத்த வாரம் ஹிக்சன் அந்த டீப் பாடத்தச் சொல்லிப் போட்டான். பெரியவரு, அப்ப இத்தன நாளா எனக்குப் பாவத்தையா ஆத்திக் குடுத்தன்னு எங்கிட்டக் கேட்டாரு. நான் கப்பக் கழுவிக் கவுத்து வெச்சேன். சபையில சேர மாட்டேன், ஆனா டீ போட எப்ப வேணா வாங்கன்னாரு. அந்தச் சனிக்கெழமையே எனக்கு மாத்தல் போன் வந்துச்சு. ஒர்க்கிங்டன்ல நான் சேத்த ஆளு சைபருங்க.

அது ஆச்சு ஏழு மாசம். மறுக்கா முதுகுதான். இன்னிக்கு நான் வர்றது தெரியும், அம்மா பஸ் ஸ்டாண்டுல நிப்பாங்க. அப்பா வருவாரான்னு கேட்டதுக்கு, கடைய ஆரு பாக்கறதுன்னாராம். கடையத் தாண்டித்தானுங்க நான் வீட்டுக்கே போகோணும். அவரு அன்னிக்கு என்னையச் சோதிச்சாரு பாருங்க, அதுதான் எனக்கு இன்னும் மனசுல முள்ளாட்டம் நிக்குது. மகன் குடிக்க மாட்டான்னு தெரிஞ்சும் குடின்னா என்ன அர்த்தம்? நீங்களே சொல்லுங்கண்ணா.

என்னுங்க?

இல்லீங்க, குடின்னு... மறுக்கா சொல்றேன் இருங்க. பால் வாசம் முன்ன வருதா, தூள் வாசம் முன்ன வருதான்னாரு. ஆமாங்க. அவ்வளவுதான் கேட்டாரு.

குடின்னு சொல்லவே இல்லீங்களே.

வாசத்தத்தானுங்க கேட்டிருக்காரு! மோந்து பாக்கறது எங்க சபையில தப்பே இல்லீங்க, அப்படி ஒரு சட்டமே கெடையாது. மனுசன் யோசிச்சு, எனக்குன்னு பாத்துக் கேட்டிருக்காரு. நான் மூக்க வெச்சுட்டு வாயால பதில் சொல்லியிருக்கறேன். ஏழு மாசமா, அவருதான் என்னைய அவமானப்படுத்துனாருன்னு நெனச்சுட்டு இருந்தனுங்க. கண்ணுல என்னமோ... லாரி போன தூசிங்க.

அண்ணா, தப்பா நெனைக்காதீங்க. அந்தக் கிளாஸ ஒருக்கா இப்படிக் குடுங்க. காலியானாப் பரவால்லீங்க. குடிக்கறதுக்கில்ல.

ம்.

இதுல தூள்தானுங்க முன்ன வருது. பாலுல தண்ணி. எங்கப்பா டீயில பாலு முன்ன வருமுங்க, தூளு பின்னால, மெதுவா வரும். எனக்குத் தெரியுது பாருங்க! பத்தொம்பது வருசம் குடிச்ச மூக்கு, எதையும் மறக்கல.

டிரைவர் ஆரன் அடிக்கறாரு. ஏறுங்க, ஏறுங்க, கிளாஸ நான் வெச்சுட்டு வர்றேன். பேட்ஜா? ம்ஹூம், அத நானே கழட்டக் கூடாதுங்க, எங்க தலைவர் வந்து ஊழியத்துல இருந்து விடுவிக்கற வரைக்கும் நான் எல்டர் சென்னியப்பன்தான். இருக்கட்டும். பெருந்துறைக்கு இன்னும் ஒரு மணி நேரம். எறங்குனதும் நேரா கடைக்குப் போறேன். அவரு கிளாஸ நீட்டுவாரான்னு தெரியாது. நீட்டாட்டி, வாசம் பாக்க நானே கேட்டு வாங்கிக்குவேன்.

ரெண்டு கையிலயும் வாங்கோணுமுங்க.